முதலீடு செய்யச் சொன்னவர்

ஜனவரி 9, வியாழன்

பணியில் இருந்த முப்பத்துமூன்று வருஷமும் டூட்டி முடிகிறபோது ரிப்போர்ட் எழுதி, அடுத்து வருகிறவளிடம் கொடுத்துவிட்டுத்தான் சேலை மாற்றுவேன். எத்தனை பிரசவம், யாருக்கு டிரிப் ஏறுகிறது, எந்தக் குழந்தை இன்னும் பால் குடிக்கவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த இந்த டைரியை அதற்கு வைத்துக்கொண்டேன்.

எட்டு நாளைக்குப் பிறகு இன்று தண்ணீர் வந்தது. மூன்று டிரம் பிடித்தேன். முட்டிக்குத் தைலம் போட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்தான். பையன் என்ன, முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாதுஷா பெட்டி. பெயர் ஆல்வின் என்றான்.

"பிலோமினா சிஸ்டர் நீங்கதானம்மா? பெரியாஸ்பத்திரியில பிரசவ வார்டுல இருந்தவங்க?"

ஆமாம் என்றேன்.

"என்னைக் கையில வாங்குனது நீங்கதான். கொடி சுத்தியிருந்துச்சாம். டாக்டர் வர்றதுக்குள்ள நீங்களே எடுத்துட்டீங்களாம். எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

எத்தனையோ குழந்தைகள். கொடி சுற்றிப் பிறந்தவை மட்டுமே நூறு இருக்கும். ஆனாலும் ஞாபகம் இருக்கிறது என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்து, "நெத்தியில ஒரு சிலுவை போட்டுவிடுங்கம்மா" என்றான். போட்டேன்.

நிறைகதிர் என்று ஒரு கம்பெனியில் மேனேஜராக இருக்கிறானாம். வேறொன்றும் பேசவில்லை. அவன் போனபின் பாதுஷா பெட்டியைப் பிரிக்காமல் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

தண்ணீர். இரண்டு டிரம்தான். வேறு விசேஷம் இல்லை. போன் வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆல்வின் நிற்கிறான். எல்லார் முன்னாலும் "அம்மா" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "யாரு சிஸ்டர் இது, சொந்தமா?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். சொந்தம் மாதிரிதான் என்றேன்.

வீடு வரை கொண்டுவந்து விட்டான். அப்போதுதான் கம்பெனியைப் பற்றிக் கேட்டேன். நானாகத்தான் கேட்டேன். ஒரு லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம். ஒரு வருஷம் கழித்து முதலும் திரும்பி வந்துவிடும். "உங்களைப் போடச் சொல்ல மாட்டேம்மா. நீங்க பாடுபட்டுச் சேத்த காசு" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் போடவேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரி 27, வியாழன்

போன மாதம் போட்ட ஒரு லட்சத்துக்கு எட்டாயிரம் வந்துவிட்டது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே. பேங்க் மெசேஜை சகாயத்திடம் காட்டினேன்.

சகாயமேரி பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் தையல் மெஷின் ஓடுவது என் அடுப்படியில் கேட்கும். வீட்டுக்காரர் குழந்தைராஜ் நூல் மில் லாரி ஓட்டுகிறார். ஒரே பெண் பிரின்சி. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வருவது அந்த வீட்டிலிருந்துதான். சகாயம் மெசேஜை இரண்டு தடவை வாசித்தாள்.

"நெசமா வந்துருச்சாக்கா?"

"பாரேன், கண்ணு முன்னால இருக்கு."

மற்ற ஐந்து லட்சத்தையும் எடுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று மாலை வீட்டில் பதினான்கு பேர். கப் போதாமல் சகாயம் வீட்டில் வாங்கினேன். எங்கள் பகுதிக் கோயில் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் வாரம் ஒரு வீட்டில் ஜெபம் நடக்கும். என் முறை வரும்போது முன்பெல்லாம் ஐந்து பேர் வந்தால் பெரிது. ஜெபம் முடிந்த கையோடு கிளம்பிவிடுவார்கள். இன்று ஏழரை மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆல்வின் எல்லாருக்கும் விளக்கினான். பாதிப் பேர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டான்குளத்துத் தெரு ரெஜினா கிழவிக்கு எழுபத்திநாலு வயது. இட்லி விற்றுச் சேர்த்த ஐம்பதாயிரம் வைத்திருக்கிறாள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சிஸ்டர் போட்டிருக்கா?"

"போட்டிருக்காங்க பாட்டி."

"அப்பச் சரி. என் மூணு பேரப்பிள்ளையும் அவ கையிலதான் விழுந்துச்சு."

எல்லாரும் போனபின் கப்புகளைக் கழுவினேன். பதினான்கு கப் கழுவுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. ஆல்வினின் அன்பளிப்பு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பழையதை ரெஜினா பாட்டிக்குக் கொடுத்தேன். சிலுவைப்பாதை முடிந்து ஃபாதர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"அவ்வளவு எப்படி சிஸ்டர் தர முடியுது?"

"டிரேடிங் ஃபாதர்."

"என்ன டிரேடிங்?"

"கேட்டுச் சொல்றேன் ஃபாதர்."

ஆல்வினிடம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் என் வீட்டில்தான். வந்தவர்கள் பத்தொன்பது. பிளாஸ்டிக் நாற்காலி ஆறு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் என்கூட வேலை பார்த்த தெரசம்மாளும் வந்திருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு போன்கூடச் செய்யாதவள், கட்டிப்பிடித்துக்கொண்டாள். மொத்தம் முப்பத்தெட்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஆல்வின் சொன்னான். என் பெயரில் ஊக்கத்தொகை வரவு வைத்திருக்கிறார்களாம். ஓடியாடிச் செய்கிற வேலைக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. ஆல்வின் பிரியாணி கொண்டுவந்தான். முப்பது வருஷமாக ஈஸ்டரன்று தனியாகச் சாப்பிட்டவள் இன்று ஒரு பிள்ளைக்குப் பரிமாறினேன்.

பிரின்சிக்கு நத்தத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. செப்டம்பரில் கல்யாணம். நகைக்கும் மண்டபத்துக்கும் கையில் இருப்பது போதாது. நல்லாம்பட்டிப் பக்கம் உள்ள நாலு சென்ட் இடத்தை விற்று, நான்கு மாதம் நிறைகதிரில் போட்டுவைக்கலாமா என்று சகாயம் கேட்டாள். ஆல்வினைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் ஆல்வின் போன் செய்தான். பத்தரைக்கு பேங்க்குக்குப் போனேன். கூட்டம். பாஸ்புக்கில் வரி போடும் மெஷின் வேலை செய்யவில்லை. வெயில் தாங்கவில்லை. வரும் வழியில் இளநீர் குடித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

முட்டி வலி. சரியாகத் தூக்கமில்லை.

மே 3, சனி

சகாயமும் குழந்தைராஜும் நேற்று இடத்தைப் பத்திரம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். இன்று ஏழு லட்சத்தையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைராஜ் உட்காரவில்லை. லாரிக்காரர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். இன்று மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், எனக்கு அந்தப் பையனத் தெரியாது. கம்பெனியும் தெரியாது. உங்களத்தான் தெரியும். உங்க காசும் அங்கதான இருக்கு?"

தைரியம் சொன்னேன்.

நாலு மணிக்கு ஆல்வின் வந்து வாங்கிக்கொண்டு, இவர்களுக்கு மட்டும் நான்கு மாதத்திலேயே முதலைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ரசீது கொடுத்தான். சகாயம் பாயசம் வைத்துக் கொண்டுவந்தாள். இனிப்பு அதிகம். வைத்துவிட்டேன்.

மே 14, புதன்

தண்ணீர் வரவில்லை. ஆல்வின் ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஆடிட் வேலையாம்.

மே 27, செவ்வாய்

யாருக்கும் பணம் வரவில்லை. காலையிலிருந்து இருபத்தாறு போன். சர்வர் கோளாறு, இரண்டு நாளில் வந்துவிடும் என்று ஆல்வின் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மே 31, சனி

ஆல்வின் போனை எடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

ஆட்டோ பிடித்து நிறைகதிர் ஆபீசுக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. வாசலில் முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேரைத் தெரியவில்லை. அவர்களுக்கும் என்னைத் தெரியவில்லை. ஒரு டீச்சரைச் சுற்றி ஒரு கூட்டம், ரேஷன் கடைக்காரர் ஒருவரைச் சுற்றி இன்னொரு கூட்டம், ஒரு எல்.ஐ.சி. ஏஜென்டைச் சுற்றி வேறொன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் என்னைப் போல ஒருவர் நின்று, "வந்துரும், வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவை விட்டு இறங்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே வரச் சொன்னேன். யாரும் வரவில்லை. நான் வாங்கிப்போட்ட நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தெருவில் நின்றே கத்தினார்கள். தெரசம்மாள்தான் முன்னால் நின்றாள்.

"எங்களுக்கு அவன் யாருடி? நீ சொன்னதுக்குத்தானே குடுத்தோம்!"

"எனக்கும்தான் போச்சு" என்றேன்.

அதைக் கேட்டதும் சத்தம் கொஞ்சம் அடங்கியது. ரெஜினா பாட்டி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டாள். "நீயும் பாவம் என்ன செய்வ, உன்னையும்ல ஏமாத்திட்டான்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சகாயம் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் வீட்டுக் கதவு மூடியே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

குழாயடியில் என் டிரம்மை யாரோ வரிசையிலிருந்து நகர்த்திவைத்திருந்தார்கள். கடைசியில் நின்றேன். என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நான் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. அன்பிய ஜெபம் இனி என் வீட்டில் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

பொருளாதாரக் குற்றப்பிரிவில் விசாரணை. பெண் இன்ஸ்பெக்டர். நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்துத்தான் கேட்டார்.

"அவனை எப்படித் தெரியும்?"

"நான் பிரசவம் பாத்த பிள்ளை மேடம்."

அவர் ஃபைலைப் புரட்டினார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அவன் பிறந்தது நாசரேத் பக்கம். திண்டுக்கல்லுக்கு வந்தே மூணு வருஷம்தான் ஆகுது. அவங்கம்மா உயிரோட இருக்காங்க."

மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"ஒரு ரிட்டயர்ட் டீச்சர்கிட்ட, உங்ககிட்டதான் படிச்சேன்னு போய் நின்னிருக்கான். ஒரு ராணுவக்காரர்கிட்ட, எங்கப்பா உங்ககூட காஷ்மீர்ல இருந்தாருன்னு. ஊர்ல நாலு பேரு யாரை நம்புறாங்கன்னு பாத்து, அவங்களா எடுத்திருக்கான்மா. நீங்க மட்டும் இல்ல."

நான் மட்டும் இல்லை என்பதுதான் வலித்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டேன். அன்று அவன் நெற்றியில் சிலுவை போட்டபோது, எனக்கு அந்தக் குழந்தை நிஜமாகவே ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

நான் கிளம்பும் முன் இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்டது: "உங்க ஆறு லட்சமும் உள்ளயே மாட்டிக்கிச்சா?"

களைப்பாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

ஜூலை 19, சனி

மழை மாதிரி வந்தது, பெய்யவில்லை. தம்பிக்குப் போன் செய்தேன். திருப்பூரில் வேலை நெருக்கடியாம், பிறகு பேசுகிறேன் என்றான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிரின்சி கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசியது சுவர் வழியாகக் கேட்டது. அவர்கள் சத்தம் போடவில்லை. "வேற நல்ல இடமாப் பாத்துக்கங்க" என்றார்கள். அவர்கள் போனதும் சகாயம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் தைக்க என்ன துணி இருந்தது அவளிடம்?

அடுப்படியில் இருக்க முடியாமல் முன்னறைக்கு வந்தேன். அங்கேயும் கேட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புப் பெருவிழா. கோயிலுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 29-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மெஷின் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறேன். இளநீர் குடித்ததை எழுதியிருக்கிறேன். பிரசவ வார்டில் ஒரு வரி மறைத்து எழுதினால் அடுத்த ஷிஃப்டில் ஒரு உயிர் போகும் என்று எத்தனை புது நர்ஸ்களைத் திட்டியிருப்பேன்.

எழுதிவிடுகிறேன்.

அன்று ஆல்வின் போனில் சொன்னது இது: "அம்மா, உங்க ஆறு லட்சத்தை மட்டும் இன்னைக்குத் திருப்பிப் போடுறேன். எடுத்து வச்சுக்கங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. இப்போதைக்கு உங்களுக்கு மட்டும்தான்." ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். பேங்க்கில் பணம் வந்துவிட்டதா என்று கேட்டு, அதை இன்னொரு பேங்க்குக்கு மாற்றினேன்.

நான்கு நாள் கழித்து குழந்தைராஜ் என் முன்னால் நின்று, "உங்க காசும் அங்கதான இருக்கு?" என்றார். "அங்கதான் இருக்கு" என்றேன். நான் சொன்ன தைரியம் அதுதான்.

வேண்டாம் என்று அன்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். ஆல்வினும் வரமாட்டான். இதைத்தான் யோசித்தேன். ஏழு லட்சத்தை யோசிக்கவில்லை, பிரின்சியை யோசிக்கவில்லை. அவளும் நான் கையில் வாங்கிய குழந்தைதான்.

ஊக்கத்தொகை இரண்டு லட்சத்து எண்பதாயிரம். ஃபிரிட்ஜ் தனி. சேர்த்துவிட்டது நாற்பத்துமூன்று பேரை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஏழு லட்சத்துக்கு செக் எழுதிக்கொண்டு சகாயம் வீட்டுக்குப் போனேன். மே மாதத்துக்குப் பிறகு அந்தப் படியை இன்றுதான் ஏறினேன். துணி வெட்டிக்கொண்டிருந்தாள். செக்கை மெஷின் மேல் வைத்தேன்.

"இது யாரு காசு?"

"என் காசு சகாயம். பிரின்சிக்கு."

"உங்களுக்கும் போச்சுன்னுல்ல சொன்னீங்க?"

செக்கை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"எப்ப எடுத்தீங்கக்கா?"

"ஏப்ரல் கடைசில."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. அவள் இடத்தை எழுதிக் கொடுத்தது மே இரண்டு. அழுவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் செக்கை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

"எங்களுக்கு மட்டும் குடுக்குறீங்க. ரெஜினா பாட்டிக்கு?"

"பாட்டிக்கு… பாக்கணும்."

"யாருக்கும் தெரியாம இத நான் வாங்கிக்கிட்டா, நானும் உங்கள மாதிரி முன்னாடியே எடுத்துக்கிட்ட ஆளாயிருவேன். போலீஸ்ல கொண்டுபோய்க் குடுங்க. எல்லாருக்கும் சேத்து வரட்டும். வராமலும் போகட்டும்."

செக்கை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் துணியை எடுத்தாள். நான் வாசலுக்கு வந்ததும் சொன்னாள்: "இனிமே இங்க வராதீங்க."

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆறு லட்சம், ஊக்கத்தொகை, ஃபிரிட்ஜ். ஜூலையில் பொய் சொன்னதையும் எழுதினேன். பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள். பென்ஷன் கணக்கு வேறு, அது தப்பித்தது.

"என்னைக் கைது செய்வீங்களா மேடம்?"

"நீங்க சாட்சியா, குற்றவாளியாங்கறத கோர்ட்டு சொல்லும். கூப்பிடுறப்பல்லாம் வரணும்."

வரும் வழியில் ஃபாதரைப் பார்த்து அவரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் நானே சொல்ல அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சொன்னேன். மைக்கில் என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். ரெஜினா பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் இருந்தவளிடம் "என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பாட்டியின் காதில் சொன்னாள். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் எழுந்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

தண்ணீர் வந்தது. ஒரு டிரம் போதும்.

செப்டம்பர் 13, சனி

பணம் இழந்தவர்களுக்கான புகார் முகாம் இன்று. ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்கே போய் ஓரமாக உட்கார்ந்தேன். எண்ணூறு பேராவது இருப்பார்கள். ஆளுக்கு நான்கு பக்கப் படிவம். பெயர், முகவரி, ரசீது எண், தேதி. மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: முதலீடு செய்யச் சொன்னவர்.

பதினோரு மணி இருக்கும். ரெஜினா பாட்டி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரிடமோ போய் நின்றாள். எல்லாரும் அவரவர் படிவத்தில் மும்முரமாக இருந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எழுதிக் குடு."

"பாட்டி, நானா?"

"வேற யாரு இருக்கா எனக்கு எழுதத் தெரிஞ்சவ? எழுது."

பேனாவை எடுத்தேன். பெயர் எழுதினேன், ரசீதைப் பார்த்துத் தொகையை எழுதினேன். மூன்றாம் பக்கம் வந்ததும் கை நின்றது. பாட்டி குனிந்து பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அதுல என்ன கேக்குறான்?"

"யாரு சொல்லிப் போட்டீங்கன்னு கேக்குறாங்க பாட்டி."

"உள்ளத எழுது."

என் பெயரை எழுதினேன். அவள் பெருவிரலில் மை தடவி உருட்டினேன். பாட்டி போய்ப் பத்து நிமிஷத்தில் இன்னொருத்தியை அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. ரசீதை நீட்டினார்கள், நான் எழுதினேன், கைநாட்டு வாங்கினேன். மதியம் சாப்பிடவில்லை. பதினேழு படிவம். பதினேழு தடவை என் பெயரை எழுதினேன்.

மூன்றரை மணிக்கு எதிரே நிழல் விழுந்தது. சகாயம். அவளுக்கு நன்றாக எழுத வரும், என்னைவிட அழகான கையெழுத்து. படிவம் முழுவதும் அவளே நிரப்பியிருந்தாள். குழந்தைராஜ் தள்ளி, தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை. படிவத்தை மேசையில் வைத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். அந்தக் கட்டத்தில் பிலோமினா என்று எழுதியிருந்தது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

"இனிஷியலும் போடணுமாம்" என்றாள். "உங்க இனிஷியல் என்ன?"

இருபத்துநான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. அக்கா என்றே கூப்பிட்டுவிட்டாள். அது அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

"ச" என்றேன். "சவரிமுத்து. எங்கப்பா பேரு."

எழுதினாள். எழுத்துச் சரிதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.